கணக்குக் கற்ற கருணை

புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய தாதியென்றே நம்மவர் போற்றுகின்றனர். கணிதமும் அவர் கைக்கருவியாயிருந்தது என்பதைப் பலர் அறியார். அதை எடுத்துரைப்பது நம் கடமையென்று கருதுகிறோம்.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி இத்தாலியிலுள்ள புளோரென்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். குடும்பச் செல்வம், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உறவினர் ஒருவர் ஈயத் தொழிலாலும் பஞ்சாலையாலும் திரட்டி விட்டுச்சென்றது. அக்காலத்து ஆலை முதலாளிகளின் இல்லங்களில் ஆண்மக்களுக்கே கணக்கு. பெண்மக்களுக்குத் தையலும் சங்கீதமும் போதுமென்பது வழக்கு. தந்தையார் தம் புத்திரிகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் சரித்திரமும் தாமே புகட்டினார். ஆயினும் 1840இல் கணிதம் பயில வேண்டுமென்று மகள் கேட்டபோது தாயார் இசையவில்லை. விவாகமாக வேண்டிய பெண்ணுக்குக் கணிதம் எதற்கென்பது அவர் எண்ணம். அத்தையார் பரிந்து பேசிய பின்னரே பாடம் கிட்டியது.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 1854இல் கிரிமியா யுத்தத்தில் சேவை செய்யச் சென்ற அம்மையார், 1856இல் திரும்பியதும், புள்ளிவிவர நிபுணரான வில்லியம் பார் என்பவருடன் அமர்ந்து மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். போர்க்காயத்தால் மாண்டவரைவிட, தடுக்கத்தக்க நோய்களால் மாண்டவரே பன்மடங்கு அதிகமென்பது புலனாயிற்று. இவ்வுண்மையை மந்திரிகளும் ஒரு நோக்கில் உணரும்படி வட்டப் படங்களாக வரைந்து காட்டினார். 1858இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் அங்கத்தினராக ஏற்றது.

இந்தியாவை அவர் கண்ணாற் கண்டதில்லை. இங்குள்ள ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி விடைகளைத் தொகுத்தார். ஆண்டுதோறும் ஆயிரம் வெள்ளைச் சிப்பாய்களில் 69 பேர் மடிவதை 1863ஆம் வருஷத்து அறிக்கை அம்பலப்படுத்தியது. சிப்பாயிடம் தொடங்கிய கணக்கு குடியானவனிடம் வந்து சேர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைக் கண்டு மனம் கொதித்து, நீர்ப்பாசனமே உயிர்காக்கும் வழியென்று ஆர்தர் காட்டனுடன் சேர்ந்து வாதாடினார். கிராம சுகாதாரம் குறித்துப் பூனா சார்வஜனிக சபையாருடனும் கடிதப் போக்குவரத்து நடத்தினார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் தேதி மறைந்தார்.

ஆளும் சாதியிற் பிறந்தும் ஆளப்பட்டோரின் பிணங்களை எண்ணிக் கணக்குக் கேட்டவர் அவர். அன்று தாயாரின் சொல்லே வென்றிருந்தால் அக்கேள்வி எழுந்திராது. ஆகவே நம் தேசத்தொண்டர்களுக்கு ஒன்று சொல்வோம். பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் ஏரி எவ்வளவு தூர்ந்தது, எத்தனை சிசுக்கள் இறந்தன என்று எண்ணிக் கேட்பவருக்கே அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணத் தெரிந்த பெண்மக்களை நாம் உண்டாக்குவோமாக.