பட்டா கொடுத்த மன்றோ துரை

செட்டிநாட்டில் புகழ் பெற்ற ஊர் இளையாத்தங்குடி. நகரத்தார்களின் ஒன்பது கோவில்களில் ஒன்று இங்கே இருக்கிறது. கைலாசநாதரும் நித்தியகல்யாணி அம்மனும் எழுந்தருளியிருக்கும் கோவில் அது.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் நிலத்துக்குச் சாட்சி சொன்னது கோவில் சுவர்தான். கோவிலுக்கு யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், அதன் நான்கு எல்லை எது என்பதைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். கல்லில் வெட்டியதை யாரும் எளிதில் மாற்ற முடியாது அல்லவா?

ஆனால், ஏழைக் குடியானவனின் அரைக் காணிப் புன்செய்க்கு யார் கல்வெட்டு வெட்டுவார்கள்? அவனுக்கு ஊரார் வாய்ச்சொல்தான் சாட்சி. ஊரார் வாய் மாறினால் அவன் நிலமும் கை மாறும்!

அந்த ஏழையின் பெயரையும் சர்க்கார் கணக்கில் எழுத வேண்டும், அவன் கையிலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார் ஒரு வெள்ளைக்காரர். சென்னைத் தீவுத்திடல் அருகே, சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

அவர் பெயர் சர் தாமஸ் மன்றோ. அவருடைய கதை இது.

நொடித்துப்போன வியாபாரியின் மகன்

மன்றோ பிறந்தது ஸ்காட்லாந்து நாட்டில் உள்ள கிளாஸ்கோ நகரத்தில். பிறந்த தேதி 1761-ம் ஆண்டு மே 27. தந்தை அலெக்சாண்டர் மன்றோ பெரிய வியாபாரி. கடல் கடந்து அமெரிக்காவுடன் வணிகம் செய்து வந்தார். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை.

அப்போது அமெரிக்கர்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சுதந்திரப் போர் தொடங்கினார்கள். வாணிபம் நின்றது. வர வேண்டிய பணம் வரவில்லை. தந்தை நொடித்துப் போனார்.

குடும்பத்தைக் காப்பாற்ற மகன் வேலை தேடினான். கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்தில் இடம் கிடைத்தது. 1780-ம் ஆண்டு ஜனவரி மாதம் மன்றோ சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

வந்த சில மாதங்களிலேயே மைசூர் ஐதர் அலி பெரும் படையுடன் கர்நாடகத்துக்குள் புகுந்தார். மன்றோ போர்க்களம் சென்றார். பிறகு ஐதர் அலியின் மகன் திப்பு சுல்தானுடன் நடந்த போரிலும் கலந்துகொண்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பெற்றோருக்குப் பணம் அனுப்பினார்.

கத்தியை வைத்துக் கணக்கை எடுத்தார்

1792-ம் ஆண்டு திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி பாரமகால் கும்பினியின் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துச் சீமை அது. அதை நிர்வகிக்கும் பொறுப்பு அலெக்சாண்டர் ரீடு என்ற படைத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாகச் சென்றவர்களில் ஒருவர் மன்றோ.

அப்போது கிராமங்களில் நிலைமை எப்படி இருந்தது? ஊரைக் குத்தகைக்கு எடுத்தவர் வரி வசூலிப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு என்பது குடியானவனுக்குத் தெரியாது. கேட்டதைக் கொடுக்க வேண்டும். விளைச்சல் கூடினால் வரியும் கூடும். கொடுக்க முடியாதவன் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடுவான். அவன் திருத்திய நிலம் வேறொருவனுக்குப் போய்விடும்.

ரீடும் மன்றோவும் ஊர் ஊராகப் போனார்கள். வயல்களை அளக்கச் செய்தார்கள். எது நன்செய், எது புன்செய், மண் எப்படி, தண்ணீர் எப்படி என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் தீர்வை கட்டினார்கள். எந்த வயல் யாருடையது என்று கணக்கில் எழுதினார்கள்.

இப்படிப் பிறந்ததுதான் ரயத்துவாரி முறை. ரயத்து என்றால் குடியானவன். நடுவில் ஜமீன்தாரும் இல்லை; குத்தகைக்காரரும் இல்லை. குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நேர்த் தொடர்பு. அவனுக்குக் கொடுக்கும் காகிதம் பட்டா. அதில் அவன் பெயர், அவன் வயல், அவன் கட்ட வேண்டிய கிஸ்தி ஆகிய மூன்றும் இருக்கும்.

கிஸ்தியை ஒழுங்காகக் கட்டி வந்தால் அவனை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. அவன் நிலத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் இந்த உரிமை உண்டு!

இந்த முறையைத் தொடங்கியவர் ரீடு. அதை வளர்த்து, அதற்காகக் கடைசிவரை போராடியவர் மன்றோ.

சிவகங்கைச் சீமையில் வேறு வழி

1799-ல் திப்பு சுல்தான் போரில் மடிந்தார். மன்றோ சிறிது காலம் கன்னடக் கரையில் கலெக்டராக இருந்தார். 1800-ல் பல்லாரி, அனந்தப்பூர், கடப்பைப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டார். அங்கே 7 ஆண்டுகள் கூடாரத்திலேயே வாழ்ந்தார் என்று சொல்லலாம். குதிரை மேல் ஊர் ஊராகச் சுற்றினார். குடியானவர்கள் நேரில் வந்து குறை சொன்னார்கள்.

ஆனால், கும்பினியின் மேலிடத்தில் காற்று வேறு பக்கம் வீசியது. வங்காளத்தில் 1793-ல் ஜமீன் முறையை நிலையாக்கியிருந்தார்கள். ஒரு ஜமீன்தார் மொத்தத் தொகையைக் கட்டிவிடுவார். குடியானவர்களிடம் அவர் வசூலித்துக்கொள்வார். கும்பினிக்கு வேலை மிச்சம். அதே முறையைச் சென்னை மாகாணத்திலும் கொண்டுவரும்படி உத்தரவு வந்தது.

இளையாத்தங்குடி வட்டாரத்தில் அப்போது ரத்தம் காயாத நேரம். கும்பினியை எதிர்த்த மருது சகோதரர்கள் 1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கும்பினி புதிய ஜமீன்தாரை நியமித்தது. 1803-ல் சிவகங்கைச் சீமை நிலையான ஜமீன் ஆயிற்று. அதற்கான சன்னது ஜமீன்தார் பெயரில் எழுதப்பட்டது. உழுதவன் பெயர் அதில் இல்லை.

அந்த ஒரு சன்னதுக்கே எத்தனை வழக்கு! 1829-ல் ஜமீன்தார் இறந்ததும் யார் வாரிசு என்று தகராறு மூண்டது. வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1863-ல்தான் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்பு வந்தது. ஜமீன்தார் பாடே இப்படி என்றால், குடியானவன் பாட்டைக் கேட்க வேண்டுமா?

மன்றோவின் சொந்த உழைப்பும் தப்பவில்லை. பாரமகாலில் அவர் அளந்து கணக்கெழுதிய நிலங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த பலர் பணம் கட்ட முடியாமல் திணறினார்கள். பல மிட்டாக்கள் திரும்பவும் சர்க்காரிடமே வந்து சேர்ந்தன.

வென்றார் மன்றோ

மன்றோ சோர்ந்துவிடவில்லை. 1807-ல் தாய்நாடு திரும்புமுன், தீர்வையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மேலிடம் ஏற்கவில்லை. இங்கிலாந்து சென்றும் அவர் சும்மா இருக்கவில்லை. பார்லிமெண்டின் முன் சாட்சி சொன்னார். நிலம் உழுபவன் பெயரில் இருந்தால்தான் அவன் கிணறு வெட்டுவான், வரப்பு போடுவான், நாடு செழிக்கும் என்பது அவர் வாதம்.

1814-ல் ஜேன் கேம்பெல் என்ற பெண்ணை மணந்துகொண்டு மன்றோ மீண்டும் சென்னைக்கு வந்தார். 1820-ல் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். அமெரிக்க வாணிபத்தில் நொடித்தவரின் மகன் கோட்டையில் கொலுவிருந்தார்!

பதவி வந்ததும் பழைய பேச்சை மறக்கவில்லை. முன்பு மறுக்கப்பட்ட தீர்வைக் குறைப்பைத் தாமே நிறைவேற்றினார். ஜமீன் இல்லாத இடங்களில் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. இந்தியர்களுக்கு உயர்ந்த பதவிகள் தர வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

மந்திராலயக் கதை

மன்றோ பல்லாரிப் பக்கம் கலெக்டராக இருந்த காலத்தைப் பற்றி மக்கள் ஒரு கதை சொல்வார்கள். ராகவேந்திர சுவாமிகளின் பிருந்தாவனம் இருக்கும் மந்திராலய மடத்து மானிய நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ள இருந்ததாம். விசாரிக்கப் போன மன்றோ தொப்பியையும் காலணியையும் கழற்றிவிட்டு உள்ளே சென்றாராம். அங்கே சுவாமிகள் அவருக்கு மட்டும் காட்சி தந்து பேசினாராம். வெளியே வந்த துரை, மானியம் மடத்துக்கே என்று உத்தரவு போட்டாராம்.

பக்தர்கள் இதை இன்றும் உருக்கத்துடன் சொல்கிறார்கள். கணக்கில் உரிமை சரியாக ஏறாவிட்டால் சாமி நிலத்துக்கும் ஆபத்து உண்டு என்பது அந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கும் செய்தி!

வழியிலே முடிந்த வாழ்வு

மன்றோ ஊர் திரும்ப விரும்பினார். பர்மாப் போர் வந்து தடுத்தது. 1826-ல் மனைவி, நோயுற்ற இளைய மகனுடன் கப்பல் ஏறினார். அடுத்த கவர்னர் வந்ததும் தாமும் போய்விடலாம் என்று மன்றோ காத்திருந்தார்.

போகுமுன், தாம் முன்பு கலெக்டராக இருந்த சீமையை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டுப் புறப்பட்டார். வழியில் காலரா பரவியிருந்தது. 1827-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, பத்திகொண்டா என்ற ஊரில் காலையில் நோய் கண்டது. இரவில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66. மனைவியையும் மக்களையும் அவர் மீண்டும் பார்க்கவே இல்லை.

கூத்தி என்ற ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். பிறகு சென்னைக் கோட்டையில் உள்ள புனித மரியாள் ஆலயத்துக்கு உடல் கொண்டுவரப்பட்டது. சான்ட்ரி என்ற சிற்பி செய்த குதிரைச் சிலை 1839-ல் சென்னையில் நிறுவப்பட்டது.

காகிதம் மட்டும் போதாது

மன்றோவின் முறையில் குறையே இல்லையா? உண்டு. அவரும் கும்பினிக்கு வருவாய் தேடத்தான் வந்தவர். அவருக்குப் பிறகும் பல இடங்களில் தீர்வை கடுமையாகவே இருந்தது. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்ற புகார் எழுந்தது. அதை விசாரித்த குழு 1855-ல் கொடுத்த அறிக்கை, கொடுமை நடந்தது உண்மை என்று சொல்லிற்று. பட்டா நிலத்தைக் காக்கலாம். ஆளைக் காக்க நல்ல ஆட்சியும் வேண்டும்.

ஜமீன் சீமையில் இருந்தவர்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1908-ம் ஆண்டுச் சட்டம் ஜமீன் குடியானவனுக்கு நிலையான சாகுபடி உரிமை தந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1948-ல், சென்னைச் சட்டசபை ஜமீன் ஒழிப்புச் சட்டம் செய்தது. ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் என்பது அதன் பெயர். மன்றோ இறந்து 121 ஆண்டுகள் கழித்து, அவர் வாதாடிய முறை சிவகங்கைச் சீமைக்கும் வந்து சேர்ந்தது. உழுதவன் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறியது.

பட்டாவும் பத்திரமும்

பட்டா வேறு, பத்திரம் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்வது பத்திரம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால், 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு ஆபீசில் அதன் நகல் இருக்கும். வீட்டில் உள்ளது கறையான் அரித்தாலும் அங்கே நகல் வாங்கலாம். நிலத்தின் மேல் கடனோ அடமானமோ பதிவாகி இருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த நிலம் இன்று வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்வது பட்டா. கிரயம் முடிந்ததும் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் போதாது. பட்டாவிலும் பெயர் மாற வேண்டும். தந்தை காலமானால் வாரிசுகள் பெயரில் மாற்ற வேண்டும். பர்மா, மலேயா என்று திரைகடல் ஓடிப் பொருள் தேடியவர்களின் நாடு செட்டிநாடு. பிள்ளைகள் நாலு திசையில் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால், பேரன்மார் காலத்தில் பங்காளிச் சண்டையும் கோர்ட்டு வாசலும்தான் மிச்சம்!

தாலுகா ஆபீசுகளில் இன்றும் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. அங்கே போய், பட்டாவில் பெயரும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று கேட்கக் குடியானவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொள்வது அவரவர் பொறுப்பு.

நிலம் ஓடிப் போகாது. ஆனால், கணக்கில் பெயர் இல்லாவிட்டால் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், உடையவன்தான் மாறியிருப்பான்.