துபுவா சுவாமியின் சோர்வு

ஜூபிலி மலரில் ஒரு புனிதரின் வரலாற்றை எழுதுவதே வழக்கம். புனிதர் பட்டம் பெறாத ஒருவரை, தம் உழைப்பு வீணாயிற்று என்று எண்ணிக் கப்பலேறிய ஒரு குருவானவரை, இம்முறை நாம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பங்கு மக்கள் பொறுத்தருள்க.

ஜான் அந்துவான் துபுவா பிரெஞ்சு நாட்டவர். 1792-ல் குருப்பட்டம் பெற்றவுடனே பாரீஸ் வேதபோதக சபையின் சார்பில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அதே 1792-ல்தான் நம் தருமபுரி அடங்கிய பாராமகால் சீமை திப்பு சுல்தானின் கையிலிருந்து கும்பெனியார் கைக்கு மாறியது. 1799-ல் திப்பு வீழ்ந்தபின், சிதறிக் கிடந்த மைசூர்க் கிறிஸ்தவர்களைத் தேற்ற துபுவா சுவாமி அனுப்பப்பட்டார்.

அங்கே அவர் கண்ட காட்சி அவரது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1784-ல் கன்னடக் கடற்கரையிலிருந்து ஆயிரமாயிரமாகச் சிறைப்பிடித்து வரப்பட்டவர்களில் பலர் வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட வேதசாட்சியாக உயிரைக் கொடுக்க முன்வரவில்லையே என்று அவர் நொந்துகொண்டார். ஆனால் திப்பு மறைந்ததும் அவர்களில் மிகப் பலர் குருவைத் தேடி வந்து, மன்னிப்புக் கேட்டு, திருச்சபையோடு மீண்டும் ஒப்புரவானார்கள். பயந்த இதயம் வேறு, கல்லான இதயம் வேறு. இந்த வேறுபாட்டை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரா என்பது நமக்கு ஐயமே.

உழைப்பில் அவர் குறை வைக்கவில்லை. புலால் விட்டார், இந்நாட்டு உடை அணிந்தார், ஏழைக் கிறிஸ்தவர்களை உழவுத் தொழிலில் குடியமர்த்தினார். வைசூரி வீடு வீடாக உயிர் குடித்த நாளில், 1803-04-ல், அவருடைய முயற்சியால் அம்மை குத்திக்கொண்டோர் 25,432 பேர். மக்கள் அவரைப் பெரிய சாமி என்ற பொருளில் 'தொட்ட சாமி' என்றார்கள். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெரும் நூலின் கைப்பிரதியைக் கும்பெனியே விலைக்கு வாங்கி, 1816-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டது.

ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் தலைகளை எண்ணத் தொடங்கினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில், ஓர் உள்நாட்டுக் குருவின் துணையோடு, இருநூறு முந்நூறு பேரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். அவர்களிலும் பெரும்பாலோர் பறையர், பிச்சைக்காரர், நாதியற்றவர் என்று குறைபட்டு எழுதினார். ஆண்டவர் யாரைத் தேடி வந்தார் என்பதை அந்த நேரத்தில் சுவாமி மறந்துவிட்டார் போலும்! 1823-ல் இந்தியாவை விட்டார். அதே ஆண்டு லண்டனில் வெளியான அவருடைய கடிதங்களில், இந்நாட்டார் மனந்திரும்பும் காலம் கடந்துவிட்டது, கடவுள் இவர்களை இதயக் கடினத்துக்கே கையளித்துவிட்டார் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

அவிசுவாசம் கோவிலுக்கு வெளியில் இருப்பவர்களின் நோய் என்றே நாம் நினைத்திருக்கிறோம். துபுவா சுவாமி செபத்தை விட்டவரல்லர், பூசையை விட்டவரல்லர். ஆண்டவரால் இனி இயலாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். நாமும் இந்தச் சோதனைக்குத் தப்பியவர்கள் அல்லோம். ஞாயிறு பிரசங்கத்தின்போது வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பார்த்து, இவர்கள் திருந்தப் போவதில்லை என்று எத்தனையோ முறை மனத்துக்குள் தீர்ப்பெழுதியிருக்கிறோம். குடிகார மகனுக்காகச் செபிப்பதை நிறுத்திவிட்ட தாயும், அண்ணனோடு இனிப் பேச்சில்லை என்று இருபது வருடமாய் இருக்கும் தம்பியும் நம் பங்கில் இல்லையா?

பாரீஸ் திரும்பிய துபுவா சுவாமி ஓய்வெடுக்கவில்லை. வேதபோதக சபையின் குருமடத்திலேயே தங்கிப் பணிபுரிந்தார். 1836 முதல் 1839 வரை அதன் தலைவராகவும் இருந்தார். காலம் கடந்துவிட்டது என்று எழுதிய அதே கையால் இளங்குருக்களை ஆசீர்வதித்துக் கீழ்நாடுகளுக்கு அனுப்பி வைத்தார். 1848-ல் இறந்தார். இரண்டே ஆண்டில், 1850-ல், மைசூர் தனி மறைவட்டமாக உயர்ந்தது. 1930-ல் சேலம் மறைமாவட்டம் தோன்றியபோது அதன் முதல் ஆயராக வந்த புருனியே ஆண்டகையும் அதே பாரீஸ் சபையின் பிள்ளைதான்.