செசில் ஹெப்வொர்த்

செசில் மில்டன் ஹெப்வொர்த் (மார்ச் 19, 1874 - பெப்ரவரி 9, 1953) ஓர் ஆங்கிலேயத் திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குனர், கண்டுபிடிப்பாளர் ஆவார். பிரித்தானியத் திரைப்படத் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். காணாமற்போன குழந்தையை ஒரு நாய் தேடி மீட்கும் கதையைக் கொண்ட ரெஸ்க்யூட் பை ரோவர் (1905) என்னும் பேசாப்படத்தின் மூலம் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமைக்காலம்

ஹெப்வொர்த் இலண்டனின் லாம்பெத் பகுதியில் பிறந்தார். இவருடைய தந்தை டி. சி. ஹெப்வொர்த், கண்ணாடித் தகடுகளில் உள்ள படங்களைத் திரையில் காட்டும் மாய விளக்கைக் கொண்டு ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவு ஆற்றியவர். தந்தையுடன் சென்ற செசில், படங்காட்டும் கருவிகளின் நுணுக்கங்களைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டார். மாய விளக்குகளுக்கான மின்வில் விளக்கு ஒன்றை வடிவமைத்து, அதனைத் திரைப்பட முன்னோடியான இராபர்ட் பாலுக்கு விற்றார். 1897 ஆம் ஆண்டில் அசையும் படங்களைப் பற்றி அனிமேட்டட் போட்டோகிராபி என்னும் கையேட்டினை எழுதி வெளியிட்டார். இத்துறையில் வெளிவந்த தொடக்ககால நூல்களுள் இதுவும் ஒன்று.

வால்டன் படப்பிடிப்பு நிலையம்

சிறிது காலம் சார்லஸ் அர்பனிடம் பணியாற்றிய பின்னர், 1899 இல் தம் உறவினர் மான்டி விக்சுடன் சேர்ந்து, தேம்சு ஆற்றங்கரையில் உள்ள வால்டன் என்னும் ஊரில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு வீட்டின் தோட்டத்தில் பலகைகளால் அமைக்கப்பட்ட திறந்தவெளி மேடையே இவர்களுடைய முதல் படப்பிடிப்புத் தளமாகும். படச்சுருளைத் தொடர்ச்சியாக உருத்துலக்கும் இயந்திரம் ஒன்றையும் ஹெப்வொர்த் உருவாக்கியிருந்தார்.

1900 இல் எடுக்கப்பட்ட எக்ஸ்ப்ளோஷன் ஆஃப் எ மோட்டார் கார் முதலிய குறும்படங்களில் தந்திரக் காட்சிகளைப் பயன்படுத்தினார். 1901 இல் விக்டோரியா அரசியின் இறுதி ஊர்வலத்தைப் படமாக்கினார். 1903 இல் பெர்சி ஸ்டோவுடன் இணைந்து இயக்கிய ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட், லூயிஸ் கரோலின் கதைக்குக் கிடைத்த முதல் திரைவடிவம் ஆகும். அதன் நீளம் 800 அடி. அக்காலத்துப் பிரித்தானியப் படங்களில் இதுவே மிக நீளமானது.

ரெஸ்க்யூட் பை ரோவர்

1905 இல் வெளிவந்த இப்படத்தை லெவின் ஃபிட்சாமன் இயக்கினார். கதையை ஹெப்வொர்த்தின் மனைவி மார்கரெட் எழுதினார். ஹெப்வொர்த் தந்தையாகவும், மார்கரெட் தாயாகவும், இவர்களுடைய கைக்குழந்தை பார்பரா கடத்தப்படும் குழந்தையாகவும் நடித்தனர். வீட்டில் வளர்ந்த பிளேர் என்னும் கோலி இன நாய் ரோவராகத் தோன்றியது. சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட நடிகர்கள் சிலரும் இதில் நடித்தனர்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் தன் காதலனான போர்வீரனுடன் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், பிச்சைக்காரி ஒருத்தி தள்ளுவண்டியில் இருந்து குழந்தையைத் தூக்கிச் செல்கிறாள். செய்தி அறிந்த நாய் சன்னல் வழியே பாய்ந்து, தெருக்களில் ஓடி, ஆற்றை நீந்திக் கடந்து, ஏழைக் குடியிருப்பில் வீடு வீடாகத் தேடிக் குழந்தையைக் கண்டுபிடிக்கிறது. பின்னர் வந்த வழியே திரும்பி, தந்தையை அங்கு அழைத்துச் செல்கிறது.

ஏறக்குறைய ஆறரை நிமிடம் ஓடும் இப்படத்தில் எழுத்து அட்டைகள் எவையும் இல்லை. நாய் போகும்போது காட்டப்படும் அதே இடங்கள், திரும்பும்போது தலைகீழ் வரிசையில் காட்டப்படுகின்றன. இதனால் நாய் எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு தொலைவு உள்ளது என்பதை விளக்கம் இன்றியே பார்வையாளர் புரிந்துகொள்ள முடிந்தது. தனித்தனியே எடுத்த காட்சிகளை இணைத்துத் தொடர்ச்சியான ஓட்டமாகக் காட்டிய இம்முறை, கதைப்படங்களின் வளர்ச்சியில் முக்கியமான படியாகத் திரைப்பட வரலாற்றாளர்களால் மதிக்கப்படுகிறது. பிச்சைக்காரியின் அறைக் காட்சிக்கு மின்வில் விளக்குகளின் ஒளி பயன்படுத்தப்பட்டது.

படத்திற்கு ஆன செலவு 7 பவுண்டு 13 சில்லிங் 9 பென்சு மட்டுமே. 395 படிகள் விற்பனையாயின. படி எடுத்தே மூலச்சுருள் இருமுறை தேய்ந்து போனமையால், முழுப் படமும் மேலும் இருமுறை புதிதாக எடுக்கப்பட்டது. பிளேர் பின்னர் வேறு சில படங்களிலும் நடித்தது. 1920களில் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஸ்ட்ராங்ஹார்ட், ரின் டின் டின் ஆகிய நாய்களுக்கு இதனை முன்னோடி எனலாம்.

இந்தியத் தொடர்பு

1912 இல் திரைப்படக் கலையைக் கற்க இலண்டன் சென்ற தாதாசாகெப் பால்கே ஹெப்வொர்த்தைச் சந்தித்தார். தம் படப்பிடிப்பு நிலையத்தின் எல்லாப் பிரிவுகளையும் பார்வையிட ஹெப்வொர்த் அவரை அனுமதித்தார். நாடு திரும்பிய பால்கே 1913 இல் ராஜா ஹரிச்சந்திராவை வெளியிட்டார்.

வீழ்ச்சி

கிரிசி வைட், அல்மா டெய்லர் ஆகியோர் ஹெப்வொர்த்தின் படங்களால் புகழ்பெற்ற நடிகைகள் ஆவர். ஆயினும், முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படங்களின் போட்டி கடுமையாயிற்று. படத்தொகுப்பு முறை வேகமாக மாறிவந்த காலத்தில், காட்சிகளைச் சட்டென வெட்டி இணைப்பதை ஹெப்வொர்த் விரும்பவில்லை. ஒவ்வொரு காட்சியும் மெல்ல மறைந்து அடுத்தது தோன்ற வேண்டும் என்பதே இவருடைய கொள்கை. வேகமான ஓட்டத்தால் வெற்றிபெற்ற ரோவர் படத்தைத் தயாரித்தவரின் பிற்காலப் படங்கள், இதனால் பழைய பாணியில் அமைந்தவையாகத் தோன்றின.

1919 இல் பங்குகளை வெளியிட்டு நிறுவனத்தை விரிவாக்க எடுத்த முயற்சிக்குப் போதிய ஆதரவு கிட்டவில்லை. 1924 இல் நிறுவனம் நொடித்துப் போனது. கடனை அடைக்க விற்கப்பட்ட இவருடைய படங்களின் மூலச்சுருள்கள், அவற்றில் உள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டன. இவ்வாறு கால் நூற்றாண்டு உழைப்பின் பெரும்பகுதி அழிந்தது. முன்னரே படிகளாக விற்கப்பட்டு வெளியே சென்றிருந்தவற்றுள் சில மட்டுமே எஞ்சின. ரெஸ்க்யூட் பை ரோவர் அவற்றுள் ஒன்று.

இறுதிக்காலம்

பின்னாட்களில் ஹெப்வொர்த் விளம்பரப் படங்களையும் முன்னோட்டங்களையும் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டார். பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் வரலாற்று ஆய்வுக்குழுவிலும் பங்காற்றினார். கேம் த டான் என்னும் இவருடைய தன்வரலாறு 1951 இல் வெளியானது. 1953 இல் கிரீன்ஃபோர்டில் காலமானார்.

குறிப்பிடத்தக்க படங்கள்

ஹவ் இட் ஃபீல்ஸ் டு பி ரன் ஓவர் (1900)
ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் (1903)
ரெஸ்க்யூட் பை ரோவர் (1905)
கமின் த்ரூ த ரை (1916, 1923)