ஏரிக்குக் கணக்கு எழுதியவர்: நெல்சன் அன்னண்டேல்

புக்கிட் ரோத்தானில் வளர்ந்த எங்களுக்குச் சிலாங்கூர் ஆற்று மின்மினிகள் புதிதல்ல. முன்பு இன்னும் அதிகமாக இருந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு அதிகம் என்று கேட்டால், நினைவிலிருந்து எண்ணிக்கை சொல்ல முடியாது. அதை எழுதி வைப்பதன் அருமையை உணர்ந்த ஒருவரைப் பற்றிப் பார்ப்போம்.

தாமஸ் நெல்சன் அன்னண்டேல் 1876இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவப் பேராசிரியர். மகனோ உயிரினங்களைத் தேடிப் புறப்பட்டார். 1899இல் ஸ்கீட் தலைமையிலான ஆய்வுக் குழுவுடன் மலாய் தீபகற்பத்தின் வடபகுதிக்கு வந்தார். 1901இல் ஹெர்பர்ட் ராபின்சனுடன் மீண்டும் வந்தார். அந்த ராபின்சன்தான் பின்னர் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றவர்.

1904இல் அன்னண்டேல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1914 முதல் ஸ்டான்லி கெம்ப்புடன் ஒடிசாவின் சிலிகா ஏரியை ஆராய்ந்தார். அது கடலோடு இணைந்த காயல். மழைக்காலத்தில் ஆற்று நீர் நிரம்பி உப்பு குறையும். கோடையில் கடல்நீர் புகுந்து உப்பு ஏறும். ஆகவே ஒருமுறை பார்த்தால் போதாது என்று, வெவ்வேறு பருவங்களில் சென்று நீரையும் உயிர்களையும் பதிவு செய்தார்கள். மீன், இறால் மட்டுமல்ல, கடற்பஞ்சு, புழு, நத்தை எதையும் விடவில்லை. ஏரியின் பர்குடா தீவில் கிடைத்த காலில்லாப் பல்லி ஒன்றுக்கு 1917இல் அவரே அறிவியல் பெயர் சூட்டினார்.

1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1924இல், 47 வயதில் காலமானார்.

அவர் உழைப்பின் பயன் பின்னாளில் தெரிந்தது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட, சிலிகாவில் உப்பு குறைந்தது, களை பெருகியது, மீன்பிடி சரிந்தது. 1993இல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டியதும் கடல்நீர் திரும்பியது. 2002இல் பட்டியலிலிருந்து நீங்கியது. ஏரி முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அன்னண்டேலின் பதிவுகள் இருந்தன.

நம் ஆற்றுக்கும் இது பொருந்தும். மின்மினியின் புழு சதுப்பிலுள்ள சிறு நத்தைகளைத் தின்றுதான் வளர்கிறது. வளர்ந்த மின்மினி பெரெம்பாங் மரத்தில் கூடுகிறது. நத்தையையும் மரத்தையும் விட்டுவிட்டு மின்மினியை மட்டும் எண்ணினால் அது பாதிக் கணக்குதான். நண்பர்களே, அடுத்த முறை கம்போங் குவாந்தான் போகும்போது கைப்பேசியோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வோம்.