நோயும் மருந்தும் காட்டிய பரடே

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலிலிருந்து இல்மனைற், உரூற்றைல், சிர்க்கோன் என்பவற்றை வேறுபிரிப்பவை காந்தமும் உயர் மின்னழுத்தமுமே. அத்தகைய வலிய பொறிகளுக்கு அண்மையில் நுண்ணிய இலத்திரனியற் கருவிகளைப் பொருத்தும் தொழிலை எண்ணுந்தோறும், என் மனம் மைக்கேல் பரடேயை நாடிச் செல்கின்றது.

1791ஆம் ஆண்டில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பள்ளிக் கல்வி சொற்பமே. 14 வயதில் இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்து, கட்ட வந்த நூல்களையே கற்றார். 1812இல் ஹம்பிறி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, தாம் எழுதிய குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே றோயல் நிறுவனத்தில் உதவியாளரானார்.

1831இல் ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும், அதனோடு இணையாத மற்றதிலும் மின் எழுந்தது. மின்பிறப்பாக்கி இவ்வுண்மையின் குழந்தை. மோட்டார் வடத்தின் அருகே கிடக்கும் அளவீட்டுக் கம்பியில் பொய்ச் சைகை எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயைக் காட்டியவரே மருந்தையும் காட்டினார். 1836இல் 12 அடிக் கனசதுரக் கூடொன்றை அமைத்து, உலோகத்தால் போர்த்தி, வெளியே மின்னேற்றிவிட்டு உள்ளே புகுந்தார். பொறி பறந்தது வெளியே மட்டுமே. உள்ளிருந்த மின்காட்டிகள் அசையவில்லை.

இப்பாடத்தை நான் ஏட்டில் கற்றிருந்தேன்; கையில் கற்கவில்லை. தொழில் பழகிய நாளில், வேறோர் ஊரில், கருவிப்பெட்டியின் வண்ணப்பூச்சைச் சுரண்டாமலே வடத்தின் கவசவலையைத் திருகாணியால் இறுக்கினேன். மோட்டார் தொடங்கும் போதெல்லாம் அளவுமானி துள்ளியது. குற்றமற்ற கருவியைப் பழித்துக் கழற்றினோம்; புதியதும் துள்ளியது. பூச்சைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடுமாறு கவசவலையைச் சுற்றிலும் பிணைத்த பின்னரே துள்ளல் பெரிதும் அடங்கியது. மெல்லிய கவசம் காந்தத் தூண்டலைத் தடுக்காது. ஆகவே அளவீட்டுக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, மோட்டார் வடத்திலிருந்து விலக்கியும் இட்டோம். எஞ்சியதும் தீர்ந்தது.

பரடே உயர்கணிதம் அறியாதவர். கையாலும் கண்ணாலும் இயற்கையை வினவியவர். றோயல் கழகத்தின் தலைமைப் பதவி தேடிவந்தபோதும் ஏற்க மறுத்து, 1867இல் எளியவராகவே மறைந்தார். ஓர் ஏடும் தளராமல் நூல் கட்டிய அக்கையின் கவனத்தையே மாணவர்க்கு நான் முதற்பாடமாகச் சொல்வேன்.