பேக்கர் துரையின் ஈயக்குண்டு

எமது மன்றத்தின் ஆண்டு மலரில் சமயப் பெரியார்களின் சரிதங்களையும் தமிழ் வளர்த்த அறிஞர்களின் சரிதங்களையும் எழுதி வருவதே வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பவரோ ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரர். ஆனைமுகனைக் கும்பிட்டுவிட்டு ஏர் பூட்டுகின்ற எமக்கு, யானையைச் சுட்டவரின் கதை எதற்கு என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். காரணம் உண்டு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்யும் குடும்பங்களுக்கு யானை கோயில் வீதியில் நிற்கும் பிராணி மாத்திரமன்று. குடலைப் பருவத்து வட்டைக்குள் இரவோடிரவாக இறங்கி ஒரு போகத்தின் உழைப்பைத் தின்றும் மிதித்தும் போவதும் அதுவே. அதை விரட்டத் துவக்கை எடுப்போமா, எடுத்தால் எதைச் சுடுவோம், சுட்டபின் என்ன நடக்கும் என்ற கேள்விகள் எம்மூர் வாலிபர்களுக்குப் புதியவையல்ல. இக்கேள்விகளோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒருவர் சேர் சாமுவேல் வைற் பேக்கர்.

அவர் 1821ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆந் திகதி இலண்டன் நகரில் செல்வம் மிகுந்த குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் பெரும் வர்த்தகர். மொறிசியஸ் தீவிலே கரும்புத் தோட்டங்களும் அக்குடும்பத்துக்கு இருந்தன. பிள்ளைக்குப் படிப்பிலும் கணக்கேட்டிலும் மனம் செல்லவில்லை. வெடிமருந்திலும் துவக்கிலுமே சென்றது. 1843இல் பாதிரியார் ஒருவரின் மகளான ஹென்றியேற்றாவை மணமுடித்து, சில காலம் மொறிசியஸில் தோட்டத்தைப் பார்த்தார். அந்த வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. இலங்கைக் காடுகளில் யானை மலிந்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் இங்கு வந்து சேர்ந்தார்.

அவர் கையில் இருந்த துவக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது வாலிபராக இருந்தபொழுதே, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கம்மியரைக் கொண்டு தாமே அளவு சொல்லி ஒரு றைபிள் செய்வித்திருந்தார். நிறை 21 இறாத்தல். குழாயின் நீளம் 36 அங்குலம். குழாயின் உட்புறத்தில் சுருளாக இரண்டு தவாளிப்புகள். ஒருமுறை சுட ஓர் அவுன்ஸ் மருந்து வேண்டும். உருண்டைக் குண்டு மூன்று அவுன்ஸ், கூம்புக் குண்டு நான்கு அவுன்ஸ். ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அந்த எண்ணையே துவக்கின் வாயகலத்துக்குப் பெயராகச் சொல்லுவது அக்காலத்து வழக்கு. இன்று எமது கமக்காரர் 12 போர் என்று சொல்வதும் அந்தக் கணக்கேயாகும். ஓர் இறாத்தலுக்கு ஐந்து உருண்டையளவே என்றால் அந்தக் குண்டின் பருமனை வாசகர் மனத்திற் கொள்ளலாம். பெரும்பாலான வேட்டைக்காரர் தவாளிப்பில்லாத மெல்லிய துவக்குகளை வைத்துக்கொண்டு யானைக்குப் போன காலம் அது. கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போகாமல், சுடப்போகும் மிருகத்தின் எலும்பையும் தசையையும் கணக்கிட்டுக் குண்டைத் தீர்மானித்தமையே பேக்கரின் தனித்தன்மை என்பது எமது எண்ணம்.

ஆயினும் அந்தப் பாடத்தை அவர் முழுமையாகப் படித்தது மின்னேரியாக் குளக்கரையிலே, மரணத்தின் வாயில் நின்றுதான். தம்பியுடன் எருமை வேட்டைக்குப் போயிருந்தார். பெரிய ஆண் எருமை ஒன்றைச் சுட்டுக் காயப்படுத்தியாயிற்று. அது விழவில்லை, குளத்தோரத்தில் அவர்களை முறைத்தபடி நின்றது. பையைத் தடவினால் மருந்து இருக்கிறது, குண்டு ஒன்றுகூட இல்லை. சட்டைப்பையிலே சில்லறை வெள்ளிக் காசுகள் கிடந்தன. அவற்றைத் துணியிற் சுருட்டி, இரட்டிப்பு மருந்து போட்டு, அதன்மேல் இடித்து நிரப்பினார். எருமை பாய்ந்து வந்தது. குழாய்வாய் அதன் நெற்றியைத் தொடுமட்டும் பொறுத்திருந்து சுட்டார். கலங்கி விழுந்தது எருமை, சாகவில்லை. அது மீண்டும் எழும்புவதற்குள் சகோதரர் இருவரும் ஓட்டம் பிடித்தனர். மூன்று ஷில்லிங் செலவில் உயிர் தப்பியவர் என்று பேக்கரைச் சொல்வதில் தவறில்லை. அதன்பின் குண்டு விஷயத்தில் அவர் அலட்சியம் காட்டியதாக எங்கும் காணோம். நான்கு அவுன்ஸ் றைபிளொன்று, 16 இறாத்தல் நிறையுள்ள இரண்டு அவுன்ஸ் றைபிளொன்று, ஒவ்வொன்றும் 15 இறாத்தல் நிறையுள்ள பத்தாம் நம்பர் இரட்டைக்குழாய் றைபிள்கள் நான்கு என்று ஒரு சிறு ஆயுதசாலையே அவருடன் காட்டுக்குப் போயிற்று. இவையெல்லாம் வாய்வழியாக இடித்து நிரப்பும் துவக்குகள். சுட்டபின் மறுபடி நிரப்ப அவகாசம் இராது; ஆகையால் நிரப்பிய துவக்குகளோடு ஆட்கள் பின்னே நிற்க வேண்டும்.

அவர் மிகவும் விரும்பி வந்த இடங்களில் ஒன்று எமது மேற்கெல்லை. நீலகல, பிபிலை முதலிய இடங்களைச் சூழ்ந்து, மட்டக்களப்பு நாட்டை நோக்கிச் சரியும் புல்வெளியும் மரச்சோலையுமான பிரதேசத்தை ஆங்கிலேயர் பூங்கா நாடு என்றே அழைத்தனர். எமது பட்டிப்பளை ஆறு, சிங்களத்தில் கல் ஓயா எனப்படுவது, அப்பக்கத்து மலைகளின் நீரைக் கொண்டுவருகிறது. அந்நிலத்தின் ஒரு பகுதி 1954இல் கல் ஓயாத் தேசிய வனமாக்கப்பட்டது.

யானையின் மண்டை வேறெந்த மிருகத்தின் மண்டையையும் போன்றதன்று. வெளியே மலைபோலத் தோன்றும் தலைக்குள் பெரும்பகுதி தேனடை போன்ற அறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதன் பின்புறத்தே ஆழத்தில் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது. இலங்கை யானையின் நெற்றியில் உரிய இடத்தில் நேராக அடித்தால் குண்டு மூளையை எட்டும். யானை நின்ற இடத்திலேயே மடியும். ஒரு சாண் தப்பினாலோ, குண்டு இலேசானதாக இருந்தாலோ, ஈயம் தேனடை எலும்பிற் புதைந்துவிடும். யானை அதைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய்விடும். தூய ஈயம் மென்மையானது. கனத்த எலும்பில் மோதியவுடன் தட்டையாகி வழிதப்பும். அதனாற் பெரிய மிருகங்களுக்கென வெள்ளீயமோ பாதரசமோ கலந்து குண்டை இறுக்கமாக்க வேண்டும் என்பது பேக்கரின் முடிவு. மானுக்கும் மரைக்கும் இது எதிர்மாறு. இறுகிய குண்டு மெல்லிய உடலை ஊடுருவி அப்பாற் போய்விடும், அதன் விசை வீணாகும். மென்மையான ஈயமே உள்ளே விரிந்து தன் விசையை முழுவதும் அங்கே செலவிட்டு விரைவில் உயிரைப் போக்கும். இவ்வளவையும் அவர் படித்தறியவில்லை. மிருகம் விழுந்தபின் உடலைக் கீறி, குண்டு போன வழியையும் அது கிடந்த கோலத்தையும் பார்த்துப் பார்த்து அறிந்தார்.

இங்கே எமது நாட்டுப் பணிக்கர்மாரை நினையாமல் இருக்க முடியவில்லை. ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பணிக்கர்கள், தோற்கயிறு ஒன்றை மாத்திரம் கையிற் கொண்டு காட்டுக்குள் நுழைந்து, யானையின் பின்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு கட்டிப் பிடிக்கும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவர்கள். பிடித்த யானைகள் இந்தியாவுக்கும் ஏற்றுமதியாயின. துவக்கு வேண்டாம், ஈயம் வேண்டாம். காற்றின் போக்கும் சுவட்டின் ஈரமும் தெரிந்தாற் போதும். இருவகையாருள் எவர் தீரர் என்று எம்மைக் கேட்டால் நாம் பணிக்கர் பக்கமே நிற்போம்.

பேக்கரின் காலத்தில் யானையைச் சுடுவது குற்றமாகாதது மட்டுமன்று, அதற்கு அரசாங்கமே வெகுமதியும் கொடுத்தது. பயிரை அழிக்கும் பிராணி என்று கணக்கிட்டு, சுட்டதற்குச் சாட்சியாக வாலைக் கொண்டுவந்து கொடுத்தோருக்குச் சில ஷில்லிங் வழங்கிற்று. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் 3500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதியிருக்கிறார். ஊவாவில் இருந்த மேஜர் றொஜர்ஸ் தனியொருவராக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்று, 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அது தெய்வ தண்டனை என்று ஊரார் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. பேக்கரும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. பயிரைக் காக்க அல்ல, பெரும்பாலும் விளையாட்டுக்காகவே சுட்டார். மந்தை மந்தையாகச் சுட்டுவிட்டு அதைப் பெருமையாக எழுதியுமிருக்கிறார். இதை நாம் மறைக்கவும் விரும்பவில்லை, மெச்சவும் விரும்பவில்லை.

காய்ச்சலில் நலிந்து நுவரெலியாவில் தங்கிக் குணமடைந்த அவர், 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் ஆடுமாடுகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைத்தார். நிலத்தை உழுவதற்கு யானையையே கலப்பையிற் பூட்டினார் என்பது விசித்திரம். இலங்கை வேட்டையைப் பற்றிய முதல் நூலை எழுதியதும் இக்காலத்திலே. 1855இல் இலங்கையை விட்டு நீங்கினார். அதே ஆண்டில் மனைவியார் சன்னியாற் காலமானார். நான்கு பெண்பிள்ளைகள் தாயில்லாதவராயினர்.

பின்னர் அவர் ஐரோப்பாவிற் சுற்றித் திரிகையில், 1859இல் தன்யூப் நதிக்கரையிலுள்ள விடின் நகரத்து அடிமைச் சந்தையிலிருந்து புளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணை மீட்டு, அவரையே வாழ்க்கைத் துணையாக்கிக் கொண்டார். இருவரும் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்காவிற் புகுந்தனர். அங்கே, இலங்கையிற் கற்ற வித்தை கைகொடுக்கவில்லை. ஆபிரிக்க யானையின் நெற்றி வேறு அமைப்பு. தந்தங்களின் வேரும் கனத்த எலும்பும் மூளைக்குக் கவசமாக நிற்கின்றன. முன்னே நின்று நெற்றியில் அடித்த அடிகள் பயனற்றுப்போக, தோளையும் பொட்டையும் குறிவைக்கப் புதிதாகப் பழக வேண்டியதாயிற்று. ஹொலன்ட் கம்பனியார் செய்த, அரை இறாத்தல் நிறையுள்ள வெடிகுண்டைச் சுடும் பெரிய துவக்கொன்றைக் கொண்டுபோயிருந்தார். அது பின்னுதைத்தால் பலசாலியான அவரே பம்பரமாய்ச் சுழன்றுவிடுவாராம். அதைப் பீரங்கியின் பிள்ளை என்று அராபியர் அழைத்தனர். அதே நாட்டில் ஹம்ரான் அராபியர் வாளை மாத்திரம் கொண்டு குதிரையிற் சென்று யானையின் பின்கால் நரம்பை வெட்டி வீழ்த்தினர். பணிக்கரைப் போலவே அவர்களுக்கும் ஈயம் வேண்டியிருக்கவில்லை. பேக்கர் அவர்களை மனமார வியந்தார்.

1864 மார்ச் 14ஆந் திகதி அவ்விருவரும் ஒரு பெரிய ஏரியைக் கண்டு அதற்கு அல்பேட் என்று பெயரிட்டனர். 1866இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் நான்காண்டு எகிப்திய அரசின் சார்பில் மேல் நைல் பிரதேசத்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் பணியை ஏற்றுச் சென்றார். அது தனிக் கதை.

முதுமையில், 1890இல், வனவிலங்குகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். வேகமாய்ப் பறந்து, தோலிற் பட்டவுடன் சிதறுகின்ற பொள்ளற் குண்டுகள் அப்போது நாகரிகமாகியிருந்தன. பெரிய மிருகத்தின் மேல் அவற்றைப் பயன்படுத்துவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். மேலே பயங்கரக் காயம், உள்ளே உயிர்நிலை தொடப்படாமை: மிருகம் சாகாமல் வதைபட்டுத் திரியும் என்பதே அவர் சொன்ன குறை. ஐம்பது ஆண்டு சுட்டவரின் சாட்சியம் இது.

அவர் சொன்ன அந்த வதையை நாம் நேரிற் பார்த்தே இருக்கிறோம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் யானையைக் காக்கிறது. இருந்தும் 2023இல் மட்டும் இலங்கை முழுவதிலும் 400க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. மனிதர் நூற்றுக்கு மேற்பட்டோர் யானையால் உயிரிழந்தனர். வட்டைக் காவலுக்குப் போகிறவன் பரணிலிருந்து இடியன் துவக்கால், ஆணித்துண்டும் ஈயச் சன்னமும் போட்டுச் சுடுகிறான். பேக்கரின் நான்கு அவுன்ஸ் குண்டே சில வேளை தோற்ற இடத்தில் இந்தச் சன்னம் என்ன செய்யும்? தோலுக்குள் தங்கும், சீழ்ப்பிடிக்கும். நோவெடுத்த அலியன் மாதக்கணக்காக அலையும். மனித வாடையே அதற்கு ஆகாது போகும். பிறகு ஒருநாள் விடியற்காலையில் அது எதிர்ப்படுவது, சுட்டவனையல்ல, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளையையோ விறகுக்குப் போன தாயையோதான். மின்வேலி கேட்டு விண்ணப்பங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. வேலி வந்த இடத்திலும் பராமரிப்பார் இல்லை. கமக்காரனின் கோபம் நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். சன்னம் அந்தக் கோபத்தைத் தீர்ப்பதில்லை என்பதை மட்டும், தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான யானைகளின் மண்டையைக் கீறிப் பார்த்தவரின் அனுபவத்தைக் கொண்டு சொல்லுகிறோம்.

பேக்கர் 1893ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆந் திகதி டெவன் பகுதியிலிருந்த தமது வீட்டில் காலமானார். ஆங்கிலேயர் தம் இறந்தோரை மண்ணில் அடக்குவதே வழமையாக இருந்த அந்நாளில், அவருடலோ நம்மவரைப் போலத் தகனம் செய்யப்பட்டது. சாம்பரைக் குடும்பத்தார் வூஸ்ரருக்கு அணித்தான கிறிம்லி என்னும் சிற்றூரில் வைத்தனர். புளோரன்ஸ் அம்மையார் 1916 வரை உயிரோடிருந்தார்.