கொழுந்துக் கூடையும் ஓட்டுச் சீட்டும்

அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் மதுரை டீக்கடையிலும் அதைப் பற்றிப் பேச்சு எழுகிறது. மெக்சிகோவிலிருந்தும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்தும் பிழைக்கப் போய்க் குடியேறிய ஸ்பானிய மொழி மக்களின் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று அங்கே கட்சிக்காரர்கள் இரவு பகலாகக் கணக்குப் போடுகிறார்கள். வந்தவனை விரட்டு என்று மேடையில் முழங்கினால் ஒரு கூட்டம் கைதட்டும். ஆனால் வந்தவனுடைய பிள்ளை அந்த மண்ணில் பிறந்திருந்தால் குடிமகன். பதினெட்டு வயதில் ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பான். 1868இல் அவர்கள் அரசியல் சட்டத்தில் ஏற்றிய 14ஆவது திருத்தம் தந்த பாதுகாப்பு அது. 2025இல் அதையே அசைத்துப் பார்க்க அந்நாட்டு ஜனாதிபதி ஓர் ஆணை போட்டார். விவகாரம் நீதிமன்றப் படி ஏறியது.

வந்தேறியவனின் ஓட்டைக் கவர முடியாவிட்டால் ஓட்டையே எடுத்துவிடு! இந்த யோசனை புதியதா, தோழர்களே? இராமேசுவரம் கடலுக்கு அப்பால் 1948இலேயே அதைச் சட்டமாக்கி முடித்துவிட்டார்கள். அந்த அநியாயத்தோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்றவர் நம் சீமைக்காரர், சௌமியமூர்த்தி தொண்டமான். அவர் கதையை உழைக்கும் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். அவருடைய வெற்றிகளையும் சறுக்கல்களையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து மேலூர் தாண்டிக் கிழக்கே போனால் திருப்பத்தூர். அந்த வட்டாரத்தில் முனப்புதூர் என்ற சிற்றூர். அன்று இராமநாதபுரம் மாவட்டம், இன்று சிவகங்கை மாவட்டம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல்; நிறையாவிட்டால் நிலத்துக்காரனுக்கே கேழ்வரகுக் கூழ்தான், கூலிக்காரன் கதியைச் சொல்லவும் வேண்டுமா? அப்படிக் கண்மாய் வறண்ட காலங்களில்தான் கங்காணி ஊருக்குள் வருவான். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டுவான். முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணமே கடனாகிக் கழுத்தில் ஏறும். காப்பித் தோட்டக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து மலைநாடு வரை கால்நடையாகவே போனார்கள். காய்ச்சலிலும் கழிச்சலிலும் பாதையோரம் விழுந்தவர்கள் எத்தனை பேரோ! மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று நம் மாவட்டங்கள் அத்தனையும் அந்த மலைக்கு ஆள் அனுப்பின.

தொண்டமானின் தந்தை கருப்பையாவும் இளவயதில் அப்படிப் போனவர்தான். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பது அவருக்கு வாய்த்தது. கங்காணியானார், பிறகு இறம்பொடைப் பக்கம் வேவண்டன் என்ற தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். 1913 ஆகஸ்ட் 30இல் முனப்புதூரில் பிறந்த மகன் பதினோரு வயதில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். கம்பளையில் ஆங்கிலப் பள்ளியில் படித்தார். ஆக, அவர் கொழுந்து பறித்த கையல்ல, தோட்ட முதலாளியின் பிள்ளை. இதை மறைத்து அவரைப் பாட்டாளியாகச் சித்தரிப்பவர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை. லயத்துக் காம்பராவில் பிறக்காதவர் லயத்து மக்களுக்குத் தலைவரானார் என்பதுதான் உண்மை. அந்த முரண்பாடு கடைசிவரை அவரோடு நடந்தது.

1939இல் ஜவஹர்லால் நேரு இலங்கைக்குப் போனார். இந்திய வம்சாவளியினர் சிதறிக் கிடப்பதைக் கண்டு ஒன்று சேரச் சொன்னார். அந்த ஜூலையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. கம்பளைக் கிளைக்குத் தலைவரானார் இளைஞர் தொண்டமான். மறு ஆண்டு தொழிற்சங்கமும் எழுந்தது. அதே 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் போலீசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். துரைமார் வைத்ததே சட்டம் என்றிருந்த மலைகளில் சங்கம் வேர்விட்ட காலம் அது. 1945இல் தொண்டமான் காங்கிரசின் தலைவரானார்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். 1946 குடிக்கணக்குப்படி இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். 1947 பொதுத் தேர்தலில் மலைநாட்டில் இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். அது மட்டும் என்றால் சேனநாயக்கா பொறுத்திருப்பாரோ என்னவோ! தமிழன் நிற்காத பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளியின் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. 95 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42தான். பெரும்பான்மை இல்லை, சுயேச்சைகளைத் தேடிப் பிடித்து ஆட்சி அமைத்தார் டி.எஸ். சேனநாயக்கா. கூடை சுமக்கும் பெண் கையில் இருந்த சீட்டு கொழும்பு நாற்காலியின் காலை ஆட்டிவிட்டது.

அவர் என்ன செய்தார்? கூலியை உயர்த்தி அந்த மக்களின் மனத்தை வென்றாரா? லயத்துக்குக் கூரை போட்டாரா? இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது சட்டம். பனிமலையில் பிள்ளை பெற்றவளிடம் பதிவுச் சீட்டு ஏது? 1949இல் இந்திய பாகிஸ்தானியர் சட்டம். அதே ஆண்டில் தேர்தல் திருத்தச் சட்டம். குடிமகன் அல்லாதவனுக்கு ஓட்டு இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். வடக்கே இருந்த தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் அமர்ந்தார். அவருடைய கட்சியை விட்டு வெளியேறிச் செல்வநாயகம் தமிழரசுக் கட்சி கண்டார். டில்லியோ, இவர்கள் எங்கள் குடிமக்கள் அல்லர் என்றது. கொழும்பும் கைவிட்டது, டில்லியும் கைவிட்டது. நாடற்றவர் என்று ஒரு சாதியையே காகிதத்தில் உண்டாக்கினார்கள்.

1952 தேர்தலில் இந்தியன் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. ஓட்டர் பட்டியலிலேயே மக்கள் இல்லை. இடம் எங்கிருந்து வரும்? ஐக்கிய தேசியக் கட்சி 54 இடங்களோடு பெரும்பான்மை பெற்றது. தேயிலை பறிக்க அதே கைகள். மலை முழுதும் அதே மக்கள். அவர்களை ஆள வந்தவர்களோ அவர்களிடம் ஓட்டுக் கேட்கத் தேவையில்லாதவர்கள். அந்த ஆண்டு தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நூறு நாட்களுக்கு மேல் நடந்தது. முதலில் சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரஸ், பிறகு கெடு முடியும் வேளையில் மனுப் போடச் சொன்னது. இந்தத் தடுமாற்றத்தில் தொண்டமானுக்கும் பங்கு உண்டு. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் குடியுரிமை கேட்டார்கள். 1964 வரை ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 மனிதர்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பு. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக வெட்டினார்கள். சந்தையில் ஆடு பிரிப்பவன்கூட ஆட்டைத் தடவிப் பார்ப்பான். இங்கே பிரிக்கப்பட்டவனை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களின் தலைவர் தொண்டமானையும் கேட்கவில்லை. தமிழகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. டில்லியின் காதில் ஏறவில்லை. ஐந்தே வாரத்தில் சிறிமாவோ ஆட்சி நாடாளுமன்றத்தில் ஒரே ஓட்டில் தோற்றது. லட்சம் லட்சமாக எண்ணிப் பிரித்தவர்களை ஒரே ஓட்டு கவிழ்த்தது!

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். 1974இல் இருபது வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தவர். மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, இரயிலேறி மதுரைக்கு வந்தார். ஊர் அவருக்குச் சிலோன்காரி என்று பெயர் வைத்தது. அங்கே இந்தியாக்காரி என்றார்களாம். காலையில் ஆள் எடுப்பதை இன்றைக்கும் பெரட்டு என்றுதான் சொல்கிறார். தாயகம் திரும்பியோர் என்று சர்க்கார் வைத்த பெயரை அவரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் பிறந்தது தலவாக்கலையில்.

ஓட்டைப் பறித்தவர்களே பின்னாளில் ஓட்டுக்கு வந்து நின்றார்கள். அந்தக் காலம் வரும் என்று காத்திருந்தார் தொண்டமான். 1972இல் செல்வநாயகம், பொன்னம்பலத்தோடு ஒரே மேடையில் நின்றார். 1976இல் தனிநாடு என்ற தீர்மானம் வந்தபோது விலகிக்கொண்டார். நாலு பக்கமும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலையில் வாழ்கிறவனுக்கு அந்தப் பாதை ஆகாது என்பது அவர் கணிப்பு. 1977இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவது உறுப்பினராக வென்றார்; முப்பது ஆண்டுக்குப் பிறகு மீண்டும் மக்கள் ஓட்டில் நாடாளுமன்றம். மறு ஆண்டு ஜெயவர்தனா அமைச்சரவையில் சேர்ந்தார். யாருடைய கட்சி? ஓட்டைப் பறித்த அதே கட்சி!

இது சரியா? 1983 ஜூலையில் தமிழன் வீடு எரிந்தபோதும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். அதை மன்னிக்க என் மனம் இடம் தரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஏப்ரலில், அமைச்சராக இருந்துகொண்டே தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது. அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

ஜெயவர்தனா 1978இல் எழுதிய அரசியல் சட்டம்தான் மலைநாட்டுக்குச் சாவி கொடுத்தது. ஜனாதிபதியை நாடே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். செல்லும் ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். தொகுதிக் கோட்டை எப்படி வளைத்துப் போட்டாலும் இங்கே பயனில்லை. சிங்கள ஓட்டு இரண்டாகப் பிளந்தால், நடுவில் நிற்கும் தோட்டத் தொழிலாளி தராசு முள். தொண்டமான் இந்தக் கணக்கை அறிந்தவர். 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டம் என்று தொழிலாளரைக் கூட்டினார், இயந்திரம் நின்றது, 94,000 பேருக்குக் குடியுரிமை தரச் சட்டம் வந்தது. 1988 நவம்பரில் இன்னொரு சட்டம்: நாடற்றவர் உறுதிமொழி கொடுத்தால் போதும், குடிமகன். ஏன் அந்த நவம்பர்? டிசம்பர் 19இல் ஜனாதிபதித் தேர்தல்! பிரேமதாசா 50.43 சதவீதம் பெற்றார். பாதிக் கோட்டை அவர் தாண்டியது ஏறத்தாழ 22,000 ஓட்டில். தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் பிரேமதாசா பக்கம் நின்றது. முன்னே நாற்பது ஆண்டு நீங்கள் யார் என்று கேட்ட கட்சி, அந்த மாதம் லயத்து வாசலில் கும்பிட்டு நின்றது.

1994இல் காற்று மாறியதும் சந்திரிகா ஆட்சிக்குத் தோள் கொடுத்தார். சந்தர்ப்பவாதம் என்று பலர் ஏசினார்கள். ஏசட்டும். நாட்கூலியும் வீடும் பள்ளிக்கூடமும் எந்தக் கட்சி கொடுக்கும் என்று பேரம் பேசியே காலம் தள்ளினார். ஆனால் லயங்கள் லயங்களாகவே பெரும்பாலும் கிடந்தன. சங்கத் தலைமை குடும்பச் சொத்துப் போல் பேரனுக்குப் போனது. இந்த இரண்டையும் அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

1999 அக்டோபர் 30இல் மறைந்தார். அமைச்சராக இருந்தபடியே, எண்பத்தாறு வயதில். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு முப்பத்தைந்து ஆண்டு. மீதமிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

எங்கள் தெரு அம்மாவுக்கு ஒரு தங்கை. ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது மாமன் வீட்டோடு தலவாக்கலையில் தங்கிவிட்டார். பதினான்கு ஆண்டு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கொழுந்து பறித்து, 1988 சட்டத்தில் குடிமகளானவர். 2024 செப்டம்பர் 21, இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரல் மையைக் கைப்பேசியில் அக்காவுக்குக் காட்டினார். அந்த ஏப்ரலில் இங்கே மதுரைத் தொகுதிக்கு ஓட்டுப் போட்டவர் அக்கா. யாருக்குப் போட்டாய் என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தேயிலை விலையையும் அரிசி விலையையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.